மதர்போர்டு மாற்றிய பிறகும் சர்வர் எழவில்லையா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

புதுவயலில் ஓர் அரிசி ஆலை, கானாடுகாத்தானில் விடுதியாக மாறிய ஒரு பழைய வீடு, காரைக்குடியில் ஒரு நகைக்கடை, தேவகோட்டையில் ஒரு பள்ளி. எங்கே போனாலும் நிலைமை ஒன்றுதான். மொத்தக் கணக்கும் ஒரே சர்வரில் இருக்கும். அது படுத்துவிட்டால் அந்த இடத்தில் வைக்க இன்னொன்று இருக்காது. மதர்போர்டு போய்விட்டால் மதுரையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ மாற்றுப் போர்டு வரவேண்டும். இரண்டுமே ஏறத்தாழ 90 கிலோமீட்டர். தப்பான போர்டு வந்தால் ஒரு நாள் போச்சு. சரியான போர்டை "இதுவும் டெட்" என்று திருப்பி அனுப்பினால் இன்னொரு நாள் போச்சு.

இரண்டாவதுதான் அதிகம் நடக்கிறது. புதிதாக வரும் போர்டு உண்மையிலேயே பழுதாக இருப்பதும் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் மாற்றிய பிறகு வரும் தொல்லைகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் வேறு: ஏதோ ஒன்று சரியாக உட்காரவில்லை, இல்லாவிட்டால் பழைய போர்டுக்குத் தெரிந்திருந்த ஒன்று புதியதற்குத் தெரியவில்லை. பல வருஷம் இருந்த கணக்குப்பிள்ளை விலகிப் போனால் பேரேட்டில் எழுதாத சங்கதியெல்லாம் அவரோடு போய்விடும் அல்லவா, அப்படி. பூட் வரிசை (எதிலிருந்து எழ வேண்டும் என்ற வரிசை), ரெய்டு முறை (பல டிஸ்குகளைச் சேர்த்து ஒன்றாக ஓட்டும் ஏற்பாடு), மேக் முகவரி (நெட்வொர்க் போர்ட்டின் அடையாள எண்), டிபிஎம் சாவி (பாதுகாப்புச் சிப்பில் இருக்கும் டிஸ்க் பூட்டின் சாவி), கடிகாரம், சீரியல் எண் எல்லாம் போர்டோடு போகிறவை. ஆகவே கீழே எந்த அறிகுறிக்குப் போவதற்கு முன்னும், இது உட்காராத கோளாறா, தெரியாத கோளாறா என்று ஒரு தடவை யோசித்துப் பாருங்கள். பாதி வேலை அங்கேயே முடியும்.

கழற்றும் முன்: போனது போர்டுதானா?

பவர் வயர்கள் எல்லாவற்றையும் பிடுங்குங்கள். ரிடண்டண்ட் எஸ்எம்பிஎஸ் (ஒன்று போனாலும் மற்றது தாங்கும் இரட்டை பவர் சப்ளை) என்றால் இரண்டு வயர். பவர் பட்டனை 20 வினாடி அழுத்திப் பிடித்து, மிச்ச மின்சாரம் வடிந்த பிறகு ஒரே ஒரு வயரை மட்டும் மாட்டுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸின் பின்பக்க விளக்கு எரியவில்லை என்றால் அதை உருவிவிட்டு மற்றதை மட்டும் வைத்துப் பாருங்கள். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் பல்லி நுழைந்து கருகிக் கிடப்பது நம் ஊரில் அபூர்வமில்லை. அதற்குப் போர்டு மாற்ற வேண்டியதில்லை.

விளக்கு எரிந்தும் எழவில்லை என்றால் குறைந்தபட்ச அமைப்புக்கு வாருங்கள். முதல் சாக்கெட்டில் ஒரு பிராசஸர், அதன் முதல் ஸ்லாட்டில் ஒரு ரேம், ஓர் எஸ்எம்பிஎஸ். பிசிஐ கார்டுகள் (போர்டில் கூடுதலாகச் செருகுபவை), டிஸ்குகள், இரண்டாவது பிராசஸர் எதுவும் வேண்டாம். அப்படி எழுந்தால் போர்டு பெரும்பாலும் நல்லது. கழற்றியதை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே வந்தால் எது படுக்க வைக்கிறதோ அதுதான் குற்றவாளி. டெல்லின் ஐடிராக், ஹெச்பிஇயின் ஐஎல்ஓ போன்ற மேலாண்மைச் சிப் (சர்வரைக் கண்காணிக்கத் தனியாக ஓடும் சிப்) இருந்தால் அதன் நிகழ்வுப் பதிவைத் திறந்து பாருங்கள். மெயின் போர்டு செத்த நிலையிலும் அது பல நேரம் உயிரோடு இருக்கும்.

போர்டுதான் என்று உறுதியானால் புதியதை வரவழைக்கும் முன் பழைய போர்டிலுள்ள பார்ட் எண்ணைப் படம் எடுத்து அனுப்புங்கள். சர்வரின் மாடல் பெயரை மட்டும் சொல்லி வரவழைப்பது பொல்லாத வேலை. ஒரே மாடலுக்குள்ளேயே ரிவிஷன் மாறும்.

சர்வர் இன்னும் அரைகுறையாக ஓடுகிறது என்றால் அது பெரிய அதிர்ஷ்டம். பேக்கப் எடுங்கள், இன்னொரு கணினியில் திறந்து பார்த்து உறுதி செய்யுங்கள். பயாஸ் (போர்டின் அடிப்படை மென்பொருள்) பக்கங்களை ஒவ்வொன்றாகப் படம் எடுங்கள், முக்கியமாக பூட் முறை யூஇஎஃப்ஐயா (புதியது) லெகசியா (பழையது) என்பதையும், சாட்டா முறை ஏஹெச்சிஐயா (டிஸ்குகள் தனித்தனியாக) ரெய்டா (சேர்த்து) என்பதையும். ஐபி முகவரிகள், மேலாண்மைக் கடவுச்சொல், பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) மீட்புச் சாவி மூன்றும் தாளில் இருக்க வேண்டும். அந்தத் தாளை சர்வரிலேயே ஃபைலாகச் சேமித்து வைப்பவர்களை என்ன சொல்வது?

பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தும் நாளைக் கேட்டுக்கொண்டு தேதி குறியுங்கள். பாதி வேலையில் யூபிஎஸ் கத்த ஆரம்பித்தால் கை தானாக அவசரப்படும்.

மாற்றும்போது கவனம் வேண்டிய இடங்கள்

முதலில் தூசி. அரிசி ஆலை சர்வரைத் திறந்தால் தவிட்டுத் தூசி ஹீட்சிங்க்கில் (பிராசஸரின் சூட்டை இழுக்கும் உலோகப் பாகத்தில்) பாளமாகப் படிந்திருக்கும். அதை முற்றத்துக்கோ வெளித் திண்ணைக்கோ கொண்டுபோய், பிராசஸர் இன்னும் சாக்கெட்டில் மூடியிருக்கும்போதே ஊதிவிடுங்கள். ஃபேன் இறக்கைகளை விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள். ஊதும் வேகத்தில் அவை சுழன்றால் ஃபேனே மின்சாரத்தைப் போர்டுக்குள் திருப்பி அனுப்பும். சாக்கெட்டைத் திறந்த பிறகு ஊதினால் உமித் துணுக்கு உள்ளே போய் உட்காரும்.

கையில் ஆன்டி ஸ்டாடிக் பட்டை கட்டுங்கள், கிளிப்பை சேசிஸில் (சர்வரின் உலோகக் கூட்டில்) பெயிண்ட் இல்லாத இடத்தில் மாட்டுங்கள். நம் விரலுக்குச் சுர்ரென்று தெரிய ஏறத்தாழ 3000 வோல்ட் நிலைமின்சாரம் வேண்டும். சிப்புக்கு அதில் ஒரு சிறு பங்கே போதும். அதனால் "எனக்கு ஷாக் எதுவும் அடிக்கலையே" என்பது ஒரு சாட்சியே இல்லை. போர்டை வைக்க ஆன்டி ஸ்டாடிக் விரிப்பு இல்லாவிட்டால் அது வந்த அட்டைப் பெட்டியின் மேல் வையுங்கள். பாலியஸ்டர் மேசைத் துணி, தெர்மோகோல் இரண்டும் ஆகாது.

போர்டைத் தூக்குவதற்கென்றே ஒரு பிடி இருக்கும். ஹீட்சிங்க்கையோ ரேம் ஸ்லாட்டையோ பிடித்துத் தூக்கக் கூடாது.

இனி பிராசஸர். சர்வர்களில் இப்போது பெரும்பாலும் பின்கள் பிராசஸரில் இல்லை, போர்டிலுள்ள சாக்கெட்டில்தான் இருக்கின்றன. எல்ஜிஏ 3647 என்ற சாக்கெட்டின் பெயரே அதில் 3647 தொடுமுனைகள் இருப்பதைச் சொல்கிறது. ஒன்று வளைந்தாலும் ஒரு ரேம் சேனலோ ஒரு பிசிஐ ஸ்லாட்டோ காணாமல் போகலாம். புதுப் போர்டின் சாக்கெட்டில் ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும். பிராசஸர் கையில் தயாராக இருக்கும் வரை அதைக் கழற்ற வேண்டாம். கழற்றியதைத் தூக்கியும் போட வேண்டாம், அது பழைய போர்டின் சாக்கெட்டுக்குப் போக வேண்டியது. மூடி இல்லாமல் திருப்பி அனுப்பினால் வழியில் பின் வளையும், அந்தப் பழி உங்கள் தலையில் விழும்.

இந்த வகைச் சாக்கெட்டுக்கான ஹீட்சிங்க்கின் மேலேயே 1, 2, 3, 4 என்று எண் போட்டிருக்கும். இறுக்கும்போது அந்த வரிசை, கழற்றும்போது தலைகீழ். டார்க்ஸ் டி30 (நட்சத்திர வடிவ) முனை வேண்டும், குறடு வைத்துச் சமாளிக்கக் கூடாது. பழைய தெர்மல் பேஸ்ட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சற்ற துணியால் துடைத்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். நிறையப் போட்டால் நன்றாகக் குளிரும் என்று நினைத்தால் அது வழிந்து சாக்கெட்டுக்குள் இறங்கும்.

ரேம்கள் பழைய போர்டில் இருந்த அதே ஸ்லாட்டுகளுக்கே போகட்டும். டிஸ்குகளை உருவும்போதே 0, 1, 2 என்று மாஸ்கிங் டேப்பில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

அறிகுறி: பவர் பட்டனை அழுத்தினால் ஒன்றுமே நடக்கவில்லை

கொஞ்சம் பொறுங்கள். வயரை மாட்டியதும் முதலில் விழிப்பது மேலாண்மைச் சிப்தான். புதுப் போர்டில் அது தன்னைத் தயார் செய்துகொள்ள ஓரிரு நிமிடம் எடுக்கும், அதுவரை பவர் பட்டனுக்குப் பதில் வராது. மாட்டிய கையோடு அழுத்திப் பார்த்துவிட்டு வயரைப் பிடுங்குவது, மறுபடி மாட்டி அழுத்துவது என்று ஆடினால் அது விழிக்கவே விழிக்காது.

பொறுத்தும் வரவில்லை என்றால் முன்பக்க பேனலுக்குப் போகும் பட்டைக் கேபிளைப் பாருங்கள். பட்டன் இருப்பதே அந்தக் கேபிளின் முனையில்தான். அடுத்தது எஸ்எம்பிஎஸ் முழுதாக உள்ளே போய் கிளிக் என்று பூட்டியதா என்பது. அடுத்து ரைசர் கார்டு (பிசிஐ கார்டுகளைச் செருகும் இடைக் கார்டு) சரியாக உட்கார்ந்ததா என்பது. பிறகு பிராசஸருக்குத் தனியாக வரும் 8 பின் பவர் கேபிள், டவர் சர்வர்களில் மறந்து போவது பெரும்பாலும் இதைத்தான். அப்புறம் போர்டின் அடியில் ஏதாவது திருகு உருண்டு கிடக்கிறதா? சேசிஸைச் சற்றுச் சாய்த்தால் சத்தம் கேட்கும்.

பழைய வீடுகளில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். நம் பக்கத்து வீடுகள் பலவற்றில் வயரிங் எர்த் கம்பி இல்லாத காலத்தது. பின்னால் மூன்று ஓட்டை பிளக் பாயிண்ட் மாட்டியிருப்பார்கள், மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் எதுவும் இருக்காது. எர்த் இல்லாத சர்வரின் சேசிஸைத் தொட்டால் மெல்லிய சுர் இருக்கும். மல்டிமீட்டரில் 110 வோல்ட் போலக் காட்டும். எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளேயுள்ள வடிகட்டிக் கெபாசிட்டர்கள் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் சேசிஸைத் தொங்கவிடுவதால் வருவது அது. மானிட்டர் கேபிளையோ நெட்வொர்க் கேபிளையோ மாட்டும் நொடியில் அந்த மின்சாரம் போர்டு வழியாக வடியும். ஆகவே பிளக் பாயிண்டில் மூன்று அளவுகளை எடுங்கள். பேஸ்–நியூட்ரல், பேஸ்–எர்த் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும், நியூட்ரல்–எர்த் ஓரிரு வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். இல்லை என்றால் எலக்ட்ரீஷியனை அழையுங்கள். எர்த் குழி இருந்தும் கோடையில் செம்மண் காய்ந்து பலனில்லாமல் போவதுண்டு, அதற்குத் தண்ணீர் ஊற்றிப் பார்க்கலாம். பழைய போர்டு செத்ததே இதனால்தானோ என்றுகூட யோசிக்க வேண்டிய இடம் இது. காரணத்தை அப்படியே விட்டுவிட்டு புதுப் போர்டைப் பலி கொடுப்பதில் அர்த்தமில்லை.

அறிகுறி: ஃபேன்கள் முழு வேகத்தில் கத்துகின்றன

தொலைபேசியில் பாதிக்கு மேல் இப்படித்தான் போகும்:

"அண்ணே, போர்டு மாத்தியாச்சு. ஆனா ஃபேன் பயங்கரமாக் கத்துது."

"மேல் மூடி போட்டியா தம்பி?"

"...இல்லண்ணே, செக் பண்ணிட்டுப் போடலாம்னு."

மூடி திறந்திருந்தால் கத்தத்தான் செய்யும், அதற்கென்றே ஒரு சுவிட்ச் இருக்கிறது. மூடியும் உள்ளே காற்றைத் திருப்பிவிடும் பிளாஸ்டிக் உறையும் இருந்தே கத்துகிறது என்றால், ஏதோ ஒரு ஃபேன் கேபிளோ வெப்ப சென்சார் கேபிளோ கழன்றிருக்கிறது. எல்லாம் சரி என்றால் மேலாண்மைச் சிப்புக்குத் தான் எந்த மாடலில் இருக்கிறோம் என்றே இன்னும் தெரியவில்லை. சீரியல் எண்ணையும் ஃபர்ம்வேரையும் (சிப்புக்குள் இருக்கும் மென்பொருளையும்) சரிசெய்தால் அடங்கும். வேறு நிறுவனத்து பிசிஐ கார்டு இருந்தால் சில சர்வர்கள் வேகத்தைக் குறைக்காது. அது குறையே இல்லை.

அறிகுறி: ஓடுகிறது, திரையில் எதுவும் இல்லை

முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். புதுப் போர்டு முதன்முறையாக ரேமைப் பார்க்கும்போது ஒவ்வொரு சேனலுக்கும் நேரக் கணக்கை அளந்துகொள்ளும். ரேம் நிறைய இருந்தால் பல நிமிடம் கருந்திரைதான். ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். மானிட்டர் முன்பக்கப் போர்ட்டில் இருந்தால் பின்பக்கத்துக்கு மாற்றிப் பாருங்கள், தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தால் உருவிவிடுங்கள்.

டீ ஆறியும் வரவில்லை என்றால் குறைந்தபட்ச அமைப்பு. ஒரு ரேமோடு வருகிறது, எல்லாவற்றோடும் வரவில்லை என்றால் ரேம் வரிசை தப்பாக இருக்கலாம். ஸ்லாட்டின் தாழ்ப்பாள் நிறம் பார்த்து முதல் வரிசையை முதலில் நிரப்ப வேண்டும், எந்த நிறம் முதல் என்பது மூடியின் உட்பக்கப் படத்திலேயே இருக்கும். இரண்டாவது சாக்கெட்டில் மட்டும் பிராசஸர் இருந்தால் எழவே எழாது.

அப்படியும் வரவில்லை என்றால் போர்டின் பயாஸ் பழையதாக இருக்கலாம். நிறையப் பேர் யோசிக்காத இடம் இது. உதாரணமாக இன்டெல் ஸியான் இ5-2600 வி3, வி4 இரண்டுக்கும் ஒரே சாக்கெட்தான். ஆனால் வி3 காலத்து பயாஸோடு அலமாரியில் கிடந்த போர்டில் வி4 பிராசஸரை வைத்தால் திரை வராது. போர்டும் நல்லது, பிராசஸரும் நல்லது, இரண்டுக்கும் அறிமுகம் இல்லை, அவ்வளவுதான். சென்னை ரிச்சி தெருவில் வாங்கும் பயன்படுத்திய போர்டுகளில் இது நடக்கும். மேலாண்மைச் சிப் வழியாக, பிராசஸர் பூட் ஆகாமலே பயாஸைப் புதுப்பிக்கப் பல மாடல்களில் வழி உண்டு. வழி இல்லாத மாடல் என்றால் ஒரு வி3 பிராசஸரைக் கடன் வாங்கி வைத்துப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். ஏஎம்டி எபிக் பிராசஸர் என்றால் இன்னொரு வம்பும் உண்டு. சில நிறுவனங்களின் சர்வரில் ஒருமுறை ஓடிய எபிக், அந்த நிறுவனத்துக்கே பூட்டப்பட்டிருக்கும், வேறு நிறுவனப் போர்டில் எழாது.

கடைசியாகத்தான் சாக்கெட். பிராசஸரைக் கழற்றி, மொபைல் கேமராவைப் பெரிதாக்கி, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள். பின்கள் எல்லாம் ஒரே சீராக மின்ன வேண்டும். ஓரிடத்தில் அந்த மினுக்கம் சீர் கெட்டால் அங்கே வளைவு. வாரண்டியில் வந்த போர்டு என்றால் ஊசியால் நிமிர்த்த முயலாதீர்கள், படம் எடுத்து உடனே தெரிவியுங்கள்.

அறிகுறி: ரேம் குறைவாகக் காட்டுகிறது

64 ஜிபி போட்டது 48 என்று வருகிறது. காணாமல் போன ஸ்லாட் எது என்று நிகழ்வுப் பதிவு சொல்லும். அந்த ரேமையும் நன்றாக இருக்கும் ஒரு ரேமையும் இடம் மாற்றுங்கள். குறை ரேமோடு நகர்ந்தால் ரேம்தான் பழுது. குறை அதே ஸ்லாட்டில் நின்றால் ஸ்லாட்டோ சாக்கெட்டோ. சாக்கெட் என்றால் எல்லா நேரமும் பின் வளைவு இல்லை, ஹீட்சிங்க் ஒருபக்கமாக இறுகியிருந்தாலும் ஒரு சேனல் விழும். வரிசைப்படி மீண்டும் இறுக்கிப் பாருங்கள்.

உலோக அரிப்பை ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் 1953 முதல் காரைக்குடியிலேயே இயங்குகிறது. ஆனாலும் நம் சர்வீஸ் கடைகளில் ரேமின் தங்கப் பூச்சைச் சுத்தம் செய்ய எடுப்பது பள்ளிக்கூட ரப்பரைத்தான். அது பூச்சைத் தேய்க்கும், துகளை விடும், நிலைமின்சாரத்தையும் உண்டாக்கும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் மென்மையான துணியும் போதும்.

அறிகுறி: டிஸ்குகளை "ஃபாரின்" என்கிறது, அல்லது காணவே இல்லை

இந்த இடத்தில் அவசரப்பட்டால் போர்டோடு போயிருக்க வேண்டிய நஷ்டம் கணக்குகள் வரைக்கும் வரும். மெதுவாகப் படியுங்கள்.

தனி ரெய்டு கண்ட்ரோலர் உள்ள சர்வர்களில் ரெய்டு அமைப்பின் விவரம் ஒவ்வொரு டிஸ்க்கிலும் ஒரு மூலையில் எழுதப்பட்டிருக்கும். கண்ட்ரோலர் போர்டோடு மாறிவிட்டால், புதியது அந்த விவரத்தைப் படித்துவிட்டு "இது நான் எழுதியதில்லை" என்கிறது. அதைத்தான் ஃபாரின் கான்ஃபிகரேஷன் என்று காட்டும். திரையில் இம்போர்ட், கிளியர் என்று இரண்டு வழி இருக்கும். கிளியர் வேண்டவே வேண்டாம். கிரியேட் நியூ, இனிஷியலைஸ் பக்கமும் போக வேண்டாம். இம்போர்ட்டின் முன்னோட்டத்தில் பழைய ரெய்டு முழுதாக, எல்லா டிஸ்கோடும் தெரிகிறதா என்று பார்த்த பிறகே ஒப்புக்கொள்ளுங்கள்.

நாலில் மூன்று டிஸ்குகள் மட்டும் தெரிந்தால் இம்போர்ட் செய்யாமல் அணைத்துவிடுங்கள். டிஸ்க் பேக்பிளேனுக்கு (டிஸ்குகள் செருகும் பலகைக்கு) போகும் சாஸ் கேபிள் முழுதாக உட்காரவில்லை என்பதே முதல் சந்தேகம். இரண்டு கேபிள் இருந்தால் மாறிப் போயிருக்கலாம், கழற்றும் முன் கேபிள்களைப் படம் எடுத்திருந்தால் அது இப்போது உதவும். அடுத்த சந்தேகம், போர்டு போவதற்கு முன்பே ஒரு டிஸ்க் செத்து சிவப்பு விளக்கோடு நின்றதா என்பது. அப்படி நின்ற டிஸ்க்கில் இருப்பது பழைய தகவல். யாராவது அதை உருவித் திரும்பச் செருகியிருந்தால், கூட்டத்தோடு சேர்த்து இம்போர்ட் செய்யக் கூடாது. வெளியே எடுத்து வைத்துவிட்டு மற்றவற்றை இம்போர்ட் செய்து, புது டிஸ்க் போட்டு ரீபில்டு விடுங்கள்.

போர்டிலேயே உள்ள சாஃப்ட்வேர் ரெய்டு கதை வேறு. சின்ன டவர் சர்வர்களில் பெரும்பாலும் இதுதான், இரண்டு டிஸ்க்கை மிரர் (ஒன்றின் நகலாக மற்றது) செய்திருப்பார்கள். புதுப் போர்டின் பயாஸ் சாட்டா முறை ஏஹெச்சிஐ என்று வந்திருக்கும். அப்படியே பூட் செய்தால் பல நேரம் விண்டோஸ் நீலத்திரையோடு நின்றுவிடும், அது நல்ல காலம். கெட்ட காலம் என்றால் அது எழுந்துவிடும். மிரரின் ஒரு டிஸ்க்கில் மட்டும் எழுதத் தொடங்கும், இரண்டாவது பின்தங்கும். நாலு நாள் கழித்து யாராவது ரெய்டுக்கு மாற்றினால் பின்தங்கிய டிஸ்க்கிலிருந்து முன்னேறிய டிஸ்க்குக்கு நகலெடுக்கவும் வாய்ப்புண்டு. நாலு நாள் பில் காலி. ஆகவே போர்டு மாற்றிய பின் முதல் பவர் ஆன் டிஸ்குகள் இல்லாமல் நடக்கட்டும். பயாஸுக்குள் போய் முறையைச் சரிசெய்து, சேமித்து, அணைத்து, அப்புறம் டிஸ்குகளைத் தள்ளுங்கள்.

கண்ட்ரோலரின் கேஷ் பற்றி ஒரு வார்த்தை. டிஸ்க்கில் எழுத வேண்டியதைக் கண்ட்ரோலர் கொஞ்ச நேரம் தன் கேஷில் (தற்காலிக நினைவகத்தில்) வைத்திருக்கும். சர்வர் முறையாக ஷட்டவுன் ஆகாமல் செத்திருந்தால், அந்த மிச்சம் பேட்டரியின் தயவில் அங்கேயே நிற்கலாம். கண்ட்ரோலர் தனி கார்டாக இருந்தால் பேட்டரியோடு அப்படியே புதுப் போர்டுக்கு மாற்றுங்கள், கழற்றிப் பிரிக்க வேண்டாம். போர்டிலேயே இருக்கும் கண்ட்ரோலர் என்றால் அந்த மிச்சம் பெரும்பாலும் போனதுதான். டேட்டாபேஸைச் சரிபார்க்காமல் பில் போட ஆரம்பிக்க வேண்டாம்.

அறிகுறி: டிஸ்க் தெரிகிறது, பூட் ஆகவில்லை

"பூட் டிவைஸ் இல்லை" என்றால் பயப்பட எதுவுமில்லை. யூஇஎஃப்ஐ முறையில் எந்த ஃபைலிலிருந்து பூட் ஆக வேண்டும் என்ற பதிவு போர்டின் நினைவகத்தில்தான் இருக்கும், அது பழைய போர்டோடு போய்விட்டது. முதலில் யூஇஎஃப்ஐ, லெகசி எது பழைய முறையோ அதற்கு மாற்றுங்கள். விண்டோஸ் பெரும்பாலும் அதிலேயே எழுந்துவிடும், பொதுவான இடத்திலும் ஒரு பூட் ஃபைல் வைத்திருப்பதால். லினக்ஸ் எழாமல் போகலாம். பயாஸில் "பூட் ஆப்ஷன் சேர்" என்ற இடத்தில் இஎஃப்ஐ பகுதிக்குள் போய் உங்கள் லினக்ஸின் பெயரிலுள்ள ஃபோல்டரைத் திறந்து, ஷிம் என்று தொடங்கும் ஃபைலைக் காட்டினால் போதும். மறுபடி இன்ஸ்டால் செய்ய வேண்டாம்.

அறிகுறி: நீலத்திரையில் 48 இலக்க எண் கேட்கிறது

பிட்லாக்கர். டிஸ்க்கின் பூட்டைத் திறந்து வந்த சாவி பழைய டிபிஎம் சிப்பில் இருந்தது. சில சர்வர்களில் டிபிஎம் தனியாகச் செருகும் சிறு கார்டாக இருக்கும், "அதைக் கழற்றி மாட்டினால் என்ன?" என்று தோன்றும். டெல் சர்வர்களில் அது மாட்டிய போர்டோடு பிணைக்கப்பட்டுவிடும், கழற்றினால் அந்தப் பிணைப்பு முறியும், வேறு போர்டில் உதவாது. ஆகவே ஆறாறு இலக்கமாக எட்டுத் தொகுதி கொண்ட மீட்புச் சாவி ஒன்றே வழி. டொமைனில் (அலுவலகக் கணினிகளை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் அமைப்பில்) சேர்த்த சர்வர் என்றால் அதன் பதிவேடான ஆக்டிவ் டைரக்டரியில் சேமித்திருக்கலாம். இல்லையென்றால் முதலில் இன்ஸ்டால் செய்தவரிடம் கேட்டு, பீரோவில் தேடச் சொல்லுங்கள். பழைய போர்டு இன்னும் கொஞ்சமாவது எழும் என்றால் அதில் ஒருமுறை ஏற்றி, சாவியை எடுத்துக்கொண்டு, பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டு மறுபடி மாற்றுங்கள். உள்ளே போன பிறகு பாதுகாப்பை நிறுத்தி மறுபடி தொடங்கினால் புது டிபிஎம்மோடு பிணைந்துகொள்ளும். இல்லாவிட்டால் ஒவ்வொரு ரீஸ்டார்ட்டுக்கும் கேட்கும்.

அறிகுறி: எல்லாம் வந்தது, நெட்வொர்க் வரவில்லை

போர்டு மாறினால் அதிலுள்ள நெட்வொர்க் போர்ட்டுகளின் மேக் முகவரி மாறும். விண்டோஸ் அதைப் புதிய கார்டாக நினைத்து டிஹெச்சிபிக்கு (ஐபியைத் தானாக வாங்கும் முறைக்கு) போய்விடும். பழைய ஐபியைப் போடப் போனால் "இந்த முகவரி வேறொரு அடாப்டருக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது" என்று எச்சரிக்கும். அந்த வேறொரு அடாப்டர், இல்லாத பழைய கார்டு. டிவைஸ் மேனேஜரில் மறைந்த சாதனங்களைக் காட்டச் சொல்லி அதை நீக்குங்கள்.

லினக்ஸில் கார்டின் பெயரே மாறியிருக்கலாம், அமைப்பு ஃபைலில் பழைய பெயரோ பழைய மேக் முகவரியோ இருக்கிறதா பாருங்கள். இன்டர்நெட் மட்டும் வரவில்லை என்றால், பிராட்பேண்ட் கொடுப்பவர் மேக் முகவரியைப் பூட்டி வைத்திருக்கக்கூடும், ஒரு போன் போட்டால் மாற்றிக் கொடுப்பார்.

அறிகுறி: லாகின் ஆகவில்லை, தேதி பழையது, டேலி எஜுகேஷனல் மோடுக்குப் போய்விட்டது

அலமாரியில் கிடந்த போர்டின் சிஆர் 2032 பேட்டரி தளர்ந்திருக்கும். புதிதாக ஒன்று போட்டு, பயாஸில் தேதி, நேரத்தைச் சரிசெய்யுங்கள். டொமைன் உள்ள இடங்களில் 5 நிமிடத்துக்கு மேல் நேரம் விலகினாலே லாகின் மறுக்கப்படும். கடவுச்சொல் தப்பு என்று நினைத்து மாற்றிக்கொண்டே இருப்பார்கள், பாவம். பில்லிங் தொடங்கும் முன் தேதியைப் பார்ப்பது இன்னும் முக்கியம். போன வருஷத் தேதியில் போட்ட பில்லை ஆடிட்டரிடம் விளக்குவது போர்டு மாற்றுவதைவிடக் கஷ்டம்.

டேலி உரிமம் கணினியின் அடையாளத்தோடு கட்டப்பட்டது. வன்பொருள் மாறியதும் எஜுகேஷனல் மோடுக்குப் போகும், மாதத்தில் சில தேதிகள் தவிர வேறு நாளில் பதிவு போட விடாது. டேட்டாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. உரிமத்தை மறுபடி ஆக்டிவேட் செய்தால் சரி. அதற்கு இன்டர்நெட்டும் உரிமம் எடுத்த மின்னஞ்சலும் வேண்டும், அந்த மின்னஞ்சல் யாருடையது என்பதுதான் பல கடைகளில் பெரிய கேள்வி. "பையன்தான் பாக்குறான், சிங்கப்பூர்ல இருக்கான்" என்று ஆச்சி சொன்னால், அங்கே மணி என்ன என்று பார்த்துக்கொண்டு கூப்பிடுங்கள்.

அறிகுறி: காலையில் ஓடுகிறது, மதியம் தானாக அணைகிறது

ஹீட்சிங்க்கும் பேஸ்ட்டும்தான் முதலில். பிராசஸர் வெப்பத்தை மேலாண்மைத் திரையில் பார்த்து, இரண்டு பிராசஸர்களுக்கும் இடையே பெரிய வித்தியாசம் இருந்தால் அதிகம் காட்டுவதைக் கழற்றி மறுபடி உட்கார வையுங்கள். இரண்டும் சேர்ந்தே ஏறினால் குறை அறையில். பெரும்பாலான சர்வர்களுக்கு உள்ளே போகும் காற்று 35 டிகிரிக்குள் இருக்க வேண்டும். சித்திரை வெயிலில் மூடிய ஸ்டோர் ரூமுக்குள் அது நடக்காது. பழைய வீடுகளின் முகப்புப் பக்கத்து அறைகள் உயர்ந்த கூரையும் தடித்த சுவருமாகக் குளுமையாகத்தான் இருக்கும். ஆனால் சர்வருக்குக் கிடைப்பது எப்போதும் பின்கட்டில் சாமான் அறைதான்.

எல்லாம் ஓடுகிறது, ஆம்பர் (மஞ்சள் எச்சரிக்கை) விளக்கு மட்டும் அணையவில்லை

புதுப் போர்டில் சீரியல் எண் காலியாக இருக்கலாம். டெல் சர்வர்களில் 13ஆம் தலைமுறையிலிருந்து ஈஸி ரீஸ்டோர் என்ற வசதி முதல் பூட்டிலேயே பழைய சர்வீஸ் டேகை (டெல்லின் சீரியல் எண்ணை) மீட்கவா என்று கேட்கும், ஆம் என்று சொல்லுங்கள். அவசரத்தில் எஸ்கேப்பைத் தட்டிவிட வேண்டாம். ஹெச்பிஇயில் சீரியல் எண்ணையும் புராடக்ட் ஐடியையும் சிஸ்டம் யூட்டிலிட்டீஸில் கையால் அடிக்க வேண்டும், ஐஎல்ஓ உரிமச் சாவியையும் மறுபடி போட வேண்டும். எண் தப்பாக இருந்தால் அடுத்த முறை வாரண்டி கேட்கும்போது சிக்கல்.

மற்ற ஃபர்ம்வேர்களைப் புதுப்பிப்பது இதற்கெல்லாம் பிறகுதான், சர்வர் ஒரு நாளாவது ஒழுங்காக ஓடிய பின்பு. போர்டு மாற்றிய அதே மாலையில் எல்லா ஃபர்ம்வேர்களையும் ஏற்றிவிட்டால், அடுத்து வரும் கோளாறு எதனால் வந்தது என்று கண்டுபிடிக்க முடியாது.

பழைய போர்டை உடனே கூரியரில் போட வேண்டாம். முதல் முழு பேக்கப் ஓடி முடிந்து, ரெய்டு சரிபார்ப்பும் பிழையில்லாமல் முடியட்டும். அனுப்பும்போது சாக்கெட்டில் மூடி, ஆன்டி ஸ்டாடிக் பை, புதியது வந்த அதே பெட்டி. பழைய போர்டின் மேலாண்மைச் சிப்பில் நீங்கள் வைத்த கடவுச்சொல்லும் ஐபி முகவரியும் இன்னும் இருக்கும். அது எழும் நிலையில் இருந்தால் அழித்துவிட்டு அனுப்புங்கள். எழாது என்றால் அந்தக் கடவுச்சொல்லை வேறெங்கும் பயன்படுத்தியிருக்கிறீர்களா என்று பார்த்து அங்கே மாற்றுங்கள்.